அம்மா பாஸ் புத்தகம் படித்த கதை

சமூகக் கோட்பாட்டில், நமக்கு முன்பே அமைந்திருக்கும் ஏற்பாடுகளான கட்டமைப்பு பெரிதா, மனிதரின் செயலாற்றல் பெரிதா என்ற விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம், குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய அம்மாவின் கைகள் எனக்கு நினைவுக்கு வரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. இலையையும் தூளையும் ஏஜென்ட் எடை போட்டுக் கொடுப்பார். சுற்றிக் கொண்டுபோனதில் சரியில்லை என்று அவர் கழித்தது போக மீதிதான் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் ஏறும். இந்த ஏற்பாட்டில் எதையும் அம்மா உண்டாக்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

கட்டமைப்பையும் செயலையும் இரண்டு தனிப்பொருள்களாகப் பிரிக்கக் கூடாது என்று சமூகவியலாளர் அந்தோணி கிடென்ஸ் 1984இல் வெளியான தம் நூலில் விரிவாக வாதிட்டார். மொழியைப் பாருங்கள்: இலக்கணம் பேச்சைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது இல்லாமல் பேசவே முடியாது. நாம் பேசிக்கொண்டே இருப்பதால்தான் அதுவும் நிலைக்கிறது. இலையை எவ்வளவு நேரம் நனைத்தால் கிழியாது, எந்தப் பீடியைக் கழித்துவிடுவார்கள் என்றெல்லாம் அறிந்திருந்த அம்மாவை, தாம் செய்வதை அறிந்து செய்பவராகப் பார்த்த அந்தக் கோட்பாட்டின் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் அந்த நூலுக்கு முன்பே, கிடென்ஸின் முந்தைய எழுத்துகளை எதிர்த்து, சமூகவியலாளர் மார்கரெட் ஆர்ச்சர் 1982இல் எழுப்பிய மறுப்புதான் என்னை உலுக்கியது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் காலம் காணாமல் போய்விடும் என்றார். கியூபாவின் எழுத்தறிவு இயக்கத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார்: படித்தவர் படிக்காதவருக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தில், வேலை முடிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தொடக்கத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையோ முந்தைய தலைமுறைகளின் செயல்களால் விளைந்தது. இன்று இருப்பவர்கள் எவ்வளவு விரும்பினாலும் அதை இல்லை என்று ஆக்கிவிட முடியாது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தபோது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர்; அவர்களும் பீடி சுற்றி முடித்த பிறகுதான் சொல்லிக்கொடுக்க முடியும். அதனால் அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அது அவருடைய மந்தம் அல்ல. அவருக்கு முன்பிருந்த தலைமுறைகளில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாததன் கணக்கு.

படிக்க வந்ததும் அவர் முதலில் பார்த்தது பாஸ் புத்தகத்தைத்தான். கொடுத்ததைவிடக் குறைவாகவே பல நாட்கள் எழுதப்பட்டிருந்தது. தெருப் பெண்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். அன்றிலிருந்து எண்ணியதைக் கண்ணெதிரே எழுத வேண்டும் என்றாயிற்று. ஆயிரத்துக்கான கூலியோ ஒரு காசும் கூடவில்லை. வளைந்தது எது, வளையாதது எது என்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆர்ச்சரின் வழிதான் எனக்கு உதவுகிறது. கிடென்ஸின் வழியில் இரண்டும் ஒரே நடைமுறைக்குள் கரைந்துவிடுகின்றன.

சில ஆண்டுகள் கழித்து என் தங்கையும் சுற்றத் தொடங்கினாள். கண்ணெதிரே எண்ணி எழுதுவது எப்போதுமே அங்கே இருந்த வழக்கம் என்றுதான் அவள் நெடுநாள் நினைத்திருந்தாள்.