விண்டோஸில் அபெர்ட்டியம்: எழுத்து உடைகிற இடங்கள்

அபெர்ட்டியம் பார்வைக்கு ஒரே மென்பொருள். உள்ளே பத்துப் பன்னிரண்டு சிறு நிரல்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் உருவான இந்த விதிவழி மொழிபெயர்ப்பியில் ஒரு நிரல் சொல்லைப் பகுத்து இலக்கணக் குறி போடும், இன்னொன்று பல பகுப்புகளில் பொருந்துவதைத் தேரும். பிறகு இருமொழி அகராதி, தொடர் மாற்றம், சொல்லாக்கம், கடைசியாகப் புணர்ச்சியைச் சரிசெய்யும் நிரல். ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாக யூனிக்ஸ் குழாய் வழியே போகிறது. ஆகவே முழுக் குழாயையும் லினக்ஸ் பக்கமே வைத்துக்கொண்டு, உரையை மட்டும் ஒரே வாசலில் உள்ளே விட்டு வெளியே எடுப்பதுதான் விண்டோஸில் நிம்மதியான வழி.

அந்த லினக்ஸ் பக்கத்தைத் தருவது டபிள்யூஎஸ்எல், அதாவது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி. விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்போ அதற்குப் பிந்தையதோ, அல்லது விண்டோஸ் 11 இருந்தால் போதும். பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து டபிள்யூஎஸ்எல் கட்டளையை 'இன்ஸ்டால்' விருப்பத்தோடு கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள், உபுண்டு என்ற லினக்ஸ் வந்துவிடும். 80370102 என்று முடியும் பிழை எண் வந்தால் பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியிலேயே அதன் நிலை தெரியும். அதை இயக்க வழியில்லாத பழைய கணினியில் மெய்நிகராக்கம் கேட்காத முதல் வடிவமான டபிள்யூஎஸ்எல் 1 போதும். இந்த வேலைக்கு அது தாராளம்.

உபுண்டுவுக்குள் ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை மூலம் அபெர்ட்டியத்தையும் ஒரு மொழி இணையையும் நிறுவுங்கள். சோதிக்க ஸ்பானியம்–கட்டலான் இணை மிகவும் ஏற்றது. 'எல் ஆன்யோ எஸ் லார்கோ' (ஆண்டு நீண்டது) என்ற ஸ்பானிய வாக்கியத்தைக் கொடுங்கள். அதில் 'ஆன்யோ'வின் என் எழுத்துக்கு மேல் அலைக்கோடு உண்டு. கட்டலானில் 'எஸ்' என்ற வினையின் உயிரெழுத்து மேல் சாய்கோடு வர வேண்டும். 'எல்' என்ற சுட்டும் 'ஆன்ய்' என்ற பெயரும் ஒற்றை மேற்கோள் குறியால் ஒட்டி 'லான்ய்' ஆக வேண்டும். நான்கே சொல்லில் உள்ளீட்டு எழுத்து, வெளியீட்டு எழுத்து, புணர்ச்சி மூன்றும் சோதனைக்கு வந்துவிடுகின்றன.

இதே வாக்கியத்தை விண்டோஸ் பவர்ஷெல் 5.1இலிருந்து குழாய் வழியே அனுப்பினால் கெட்டுவிடும். வெளி நிரலுக்கு உரையை அனுப்பும்போது அது இயல்பாக, ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கி குறியாக்கத்தைப் பயன்படுத்துகிறது. அலைக்கோட்டு எழுத்து கேள்விக்குறியாகி, 'ஆன்யோ' நடுவில் வெட்டுப்படும். தமிழ் உரையென்றால் ஒவ்வோர் எழுத்துமே கேள்விக்குறிதான். அம்புக்குறியால் கோப்பில் திருப்பிவிட்டாலும் அது யுடிஎஃப்-16இல் எழுதி வைக்கும். அதை அபெர்ட்டியத்திடம் கொடுத்துப் பயனில்லை. குழாயே வேண்டாம். உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு இரண்டின் பெயரையும் அபெர்ட்டியம் கட்டளைக்கே நேராகக் கொடுங்கள். படிப்பதும் எழுதுவதும் லினக்ஸ் பக்கமே நடக்கும். உள்ளீட்டுக் கோப்பை நோட்பேடில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும்.

'லொகேல் ஆதரவில்லை' என்ற எச்சரிக்கை வந்தால் உபுண்டுவின் மொழி, குறியாக்க அமைப்பைக் காட்டும் லொகேல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மொழி அமைப்பு யுடிஎஃப்-8 என்று முடியாவிட்டால் சி.யுடிஎஃப்-8 என மாற்றுங்கள். அபெர்ட்டியத்தின் பழைய பதிப்புகளில் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் குறியிட்ட எழுத்துகள் போய்விடும்.

மொழி இணையை மூல நிரலிலிருந்து தொகுப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸின் கிட் (மூல நிரலை இறக்கும் கருவி) மூலம் இறக்கினால் வரிமுடிவுகள் மாறி, தொடக்க ஸ்கிரிப்ட்டே 'தவறான இன்டர்ப்ரெட்டர்' என்று நின்றுவிடலாம். உபுண்டுவின் கிட்டால், உபுண்டுவின் ஹோம் அடைவிலேயே இறக்குங்கள். சி டிரைவில் வைத்துத் தொகுத்தால் டபிள்யூஎஸ்எல் 2 ஒவ்வொரு கோப்புக்கும் எல்லை தாண்டிப் போய்வர வேண்டும். வேலை இழுத்துக்கொண்டே போகும். விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளி இருந்து அந்த அடைவில் தொகுத்தால் தொகுப்புக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கட்டமே மறுத்துவிடும். தொகுத்தபின் அடைவை இடம் மாற்றாதீர்கள், எந்த நிரல் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் மோட் கோப்புகளில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கிறது. ஹெச்எஃப்எஸ்டி என்ற சொற்பகுப்புக் கருவியைச் சார்ந்த பெரிய அகராதிகள் நினைவகத்தை விழுங்கும். 'கில்டு' என்று மட்டும் சொல்லி வேலை நின்றால் நினைவகம் தீர்ந்திருக்கும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறையுங்கள், அல்லது விண்டோஸ் பயனர் அடைவிலுள்ள டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் நினைவக வரம்பை உயர்த்துங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து வெளியீட்டில் குறிகள் தெரிந்தால் குறை மொழித் தரவில் இருக்கிறது. உடுக்குறி என்றால் பகுப்பு அகராதியில் சொல் இல்லை. அட் குறி என்றால் இருமொழி அகராதியில் இல்லை. ஹாஷ் குறி என்றால் இலக்கு மொழியில் அந்த வடிவத்தை ஆக்க முடியவில்லை. இந்த மூன்றையும் மறைக்கும் விருப்பத்தைச் சோதனையின்போது தொடவே தொடாதீர்கள். எந்தக் கட்டத்தில் சறுக்கியது என்பதற்கு அவைதான் சாட்சி.

அடிக்கடி பயன்படுத்துவோர் ஏபிவை என்ற சேவையகத்தை உபுண்டுவில் ஓட்டி, விண்டோஸ் உலாவியிலிருந்து லோக்கல்ஹோஸ்ட்டின் 2737ஆம் போர்ட் வழியே கேட்கலாம். பவர்ஷெல்லின் குறியாக்கத் தொல்லை அந்த வழியில் குறுக்கே வராது.