செருப்பு மாட்டும்போது கேட்கிற கேள்வி

ஜனவரி 6, 2025, திங்கள்

காலையில் முதல் ஆளாக வந்தவன் பென்னாகரம் பக்கத்துப் பையன். வயது 24, ஓசூரில் கம்பெனி வேலை, தை கடைசியில் கல்யாணம். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட்டான்: "எத்தனை தடவை கிளீன் பண்ணினா இந்தக் கறை போகும் மேடம்?"

மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் பழுப்புப் பட்டை. டீக்கறை, வெற்றிலைக் கறை என்றால் பல் இடுக்கில்தான் அதிகம் தங்கும். இது பல்லின் நடுவே குறுக்காக ஓடியது, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உயரத்தில். தர்மபுரி மாவட்டத்தில் பதினோரு வருஷமாகப் பல் பார்க்கிறவளுக்கு இதற்கு எக்ஸ்ரே வேண்டாம். "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்றேன். "போர் தண்ணிதாங்க."

அவன் செய்யாத வைத்தியம் இல்லை. கரித்தூள், எலுமிச்சையும் உப்பும், அப்புறம் யூடியூபில் பார்த்து சமையல் சோடா. கறை அப்படியே இருக்கிறது. ஈறோரம் மட்டும் தேய்ந்துபோய், காற்றடித்துப் பார்த்தால் துள்ளுகிறான்.

கிளீனிங் செய்தால் பல்லின் மேல் ஒட்டிய காரை போகும். இந்தக் கறை மேலே ஒட்டியதல்ல. முன்பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதிலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள், தண்ணீரில் ஃபுளோரைடு மிதமிஞ்சி இருந்தால் பல்லின் வெளி ஓடான எனாமல் சரியாக இறுகாது. சரியாக வேகாத செங்கல் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி, அந்தப் பல் முளைத்த பிறகு நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீர் இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பக்கத்துப் பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர்கள் பல அதைத் தாண்டும். ஃபுளோரோசிஸ் என்கிற இந்த நோயை இந்தியாவில் முதலில் எழுதிவைத்தது 1937இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில். புதுசு ஒன்றுமில்லை.

வழிகளைச் சொன்னேன். பள்ளம் விழாத கறைக்கு, அமிலம் கலந்த பசையால் மேல்தோல் அளவுக்கு மெல்லத் தேய்த்தெடுக்கலாம். பிறகு வீட்டில் இரண்டு வாரம் இரவில், பல்வரிசையில் மாட்டுகிற ட்ரேயில் ஜெல் வைத்து வெளுக்கலாம். அதிலும் போகாத இடத்துக்குப் பல் நிற காம்போசிட் பூசலாம். கடைசி வழி செராமிக். அவன் நேராக அதற்குத்தான் வந்தான், செல்போனில் நடிகர் ஒருவரின் படத்தோடு. 24 வயதில் நல்ல பல்லைச் செதுக்கி ஓடு ஒட்ட எனக்கு மனமில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் அதை மாற்ற வேண்டியிருக்கும், அப்போது இன்னும் செதுக்க வேண்டும். செராமிக்கில் எனக்கு வருமானம் அதிகம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பணம் கட்டினான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, பாதி திரும்பி: "இது பரம்பரை நோயா மேடம்? பிள்ளைக்கும் வருமா? பொண்ணு வீட்ல கேக்கறாங்க."

இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான். நான் இருபது நிமிஷம் ட்ரேயைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

காரிமங்கலத்திலிருந்து ஒரு பாட்டி. மேல் கடைவாய்ப்பல் முழுக்க ஆடுகிறது, தொட்டாலே வந்துவிடும். "மேல்பல்லு எடுத்தா கண்ணு போயிடுமாமே கண்ணு?" என்றார். மாதத்துக்கு ஐந்து பேராவது கேட்கிற கேள்வி. மேல்பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறுவேறு என்று படம் காட்டுவேன். இன்று படம் எடுபடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பல் எடுத்த வருஷமே பார்வை போனதாம். "அவங்களுக்கு அப்போ எத்தனை வயசு?" "ஒரு எழுபது இருக்கும்." "கண்புரை வர்ற வயசுதானே பாட்டி?" கொஞ்சம் யோசித்தார். "அவளுக்குச் சக்கரையும் இருந்துச்சு" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் அவர் பையிலிருந்த மாத்திரை அட்டையில். இதயத்துக்கு ஆஸ்பிரின். பல் எடுக்கப் போகிறோம், ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்லி, நான்கு நாளாகத் தானாகவே நிறுத்தியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பல் எடுக்கிற இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சைக் கடித்து, தையல் போட்டு நிறுத்திவிடலாம். இதயக்குழாயில் அடைப்பு வந்தால் என் கிளினிக்கில் என்ன செய்ய? இதய டாக்டருக்கு போன் போட்டுப் பேசி, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னேன். சர்க்கரையும் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை எடுப்பதாக முடிவு.

செருப்பு மாட்டும்போது கேட்டது: "ராத்திரி ரத்தம் வந்தா நான் யாரைக் கூப்பிடறது? தனியாத்தான் இருக்கேன்." நம்பர் எழுதிக் கொடுத்தேன், பெரிய எழுத்தில்.

ஜனவரி 11, சனி

சனிக்கிழமை பிள்ளைகள் நாள். பாட்டிக்கு நேற்றுப் பல் எடுத்தாகிவிட்டது, ராத்திரி போன் வரவில்லை. காலையில் வந்தது: "களி சாப்பிடலாமா?" ஆறவிட்டு, அந்தப் பக்கம் படாமல், குழம்பில் காரம் இல்லாமல் சாப்பிடலாம் என்றேன். "காரமில்லாத குழம்பு எதுக்கு" என்று வைத்துவிட்டார்.

எட்டு வயதுப் பையன், கீழே பின்பக்கத்துப் பல்லில் பெரிய சொத்தை. அம்மா தெளிவாக இருந்தார். "பால் பல்லுதானே மேடம், எப்படியும் விழுந்துடும். எடுத்துடுங்க."

எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத விஷயம் எனக்கு இதுதான். அவர் கையாலேயே எண்ண வைத்தேன். நடுக்கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று... சொத்தைப் பல் ஆறாவது. பால் பல் மேலும் கீழும் பக்கத்துக்கு ஐந்துதான், மொத்தம் இருபது. ஆறாவதாக ஒன்று இருந்தால் அது பால் பல்லே கிடையாது. ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமல், கடைசி பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் யாரும் கவனிப்பதில்லை. ஆயுசுக்கும் மெல்லப்போகிற பல், இரண்டே வருஷத்தில் சொத்தையாகி வருகிறது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்போ நான் விட்டுட்டேனா?" அப்படியெல்லாம் இல்லை என்றேன். நரம்புவரை போகவில்லை, அடைத்துவிடலாம். மற்ற மூன்று ஆறாவது பற்களின் பள்ளங்களுக்கும் சொத்தை வராமலிருக்க சீலன்ட் பூசினேன்.

சரி, நிஜமான பால் பல்லாகவே இருந்தால் எடுத்துவிடலாமா? பின்பக்கத்துப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. முன்கூட்டியே எடுத்தால் பின்னால் இருப்பது முன்னே சாய்ந்து, அடியில் காத்திருக்கும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். அப்புறம் பதினான்கு வயதில் கம்பி கட்ட வருவார்கள்.

ஜனவரி 13, திங்கள், போகி

அரை நாள்தான். போகிக்கு ஏற்ற வேலையாக ஒன்று வந்தது. ஒருவருக்கு யாரோ "ஒரே நாளில் பிக்ஸ் பல்" போட்டுவிட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் மாவைக் கம்பியால் கட்டி, ஈறு மேலேயே இறுக விட்டிருக்கிறார்கள். கழுவ வழியில்லாமல், உள்ளே இரண்டு நல்ல பற்களும் ஆடத் தொடங்கிவிட்டன. பிய்த்து எடுக்க முக்கால் மணி நேரம். வெளியே வந்த நாற்றத்தில் என் உதவிப்பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள். மலிவு என்று அவர் கொடுத்த காசில் கழற்றி மாட்டுகிற நல்ல பல் செட்டே போட்டிருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி

கரும்பு வாரம். கழன்ற கேப் (பல் மேல் மாட்டும் உறை) மூன்று, உடைந்த முன்பல் இரண்டு. ஒருவர் கேப்பை விழுங்கிவிட்டு, "வெளியே வந்தா கழுவித் திரும்ப ஒட்டலாமா?" என்று கேட்டார். அவர் இருமவில்லை, மூச்சுத்திணறல் இல்லை, அதனால் சிரித்தேன். எக்ஸ்ரேயும் எடுக்க அனுப்பினேன்.

மனசை வருத்தியது வேறு ஒன்று. உறியடியில் கீழே விழுந்த பதினோரு வயதுப் பையன். முன்பல் முழுசாகக் கழன்று, அப்பா அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். விழுந்து இரண்டு மணி நேரம். மண் ஒட்டியிருந்ததால் வேரைத் துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டாராம். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அந்த வேரின் மேலிருந்த மெல்லிய சதைதான் திரும்ப ஒட்டுவதற்கான உயிர். பல்லின் மேல்பாகத்தைப் பிடித்து, லேசாக அலசி, அங்கேயே குழியில் செருகிவிடலாம். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டுவர வேண்டும். பால் பல்லை மட்டும் திரும்பச் செருகக் கூடாது, அடியில் இருக்கும் பல் கெட்டுப்போகும்.

இருந்தாலும் வைத்து, கம்பி கட்டியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனல். காலப்போக்கில் வேர் கரையும், ஆனால் பையன் வளர்ந்து நிரந்தர வழி ஒன்று செய்யும்வரை இடத்தையும் எலும்பையும் கொஞ்சம் காக்கும். பாலைப் பற்றி அப்பாவிடம் இன்று சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 20, திங்கள்

பென்னாகரம் பையனுக்குத் தேய்த்தெடுத்தேன். ரப்பர் திரை கட்டி, ஒவ்வொரு பல்லிலும் சில விநாடி, கழுவி, பார்த்து, மறுபடியும். நாலாவது சுற்றில் பழுப்பு இளமஞ்சளானது. கண்ணாடி கேட்டான். பல் காய்ந்திருக்கும்போது வெண்திட்டு அதிகமாகத் தெரியும், இரண்டு நாள் பொறு என்றேன். அதற்குள் செல்பி எடுத்துவிட்டான்.

மத்தியானம் ஒரு விவசாயி. "ரூட் கேனல், கேப்பு சேர்த்து ஏழாயிரம். எடுத்தா ஐநூறு. எதுக்குமா இழுக்கறீங்க?" நியாயமான கேள்வி. அவருடையது கடைசிப் பல், எதிரே மேல்பல்லும் இல்லை. எதையும் மெல்லாத பல்லுக்கு ஏழாயிரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன், எடுத்துவிட்டேன். இதுவே ஆறாவது பல்லாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அந்த இடத்தில் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜ் என்றால் இருபக்கமும் நல்ல பல்லைச் செதுக்க வேண்டும், எலும்பில் திருகுகிற இம்பிளான்ட் என்றால் என் கிளினிக்கிலேயே இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். ஐநூறோடு முடிகிற கணக்கு கடைசிப் பல்லுக்கு மட்டும்தான்.

ஜனவரி 23, வியாழன்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர். "கிளீன் பண்ணினா பல்லு ஆடுமாங்க?" காரை பல்லைக் கெட்டியாகப் பிடித்திருப்பது போலத் தெரியும், எடுத்ததும் இடைவெளி தெரியும், நாலு நாள் கூசும். எலும்பைக் கரைத்தது அந்தக் காரைதான் என்று வழக்கமான பதிலை ஆரம்பித்தேன். வாயைத் திறக்கச் சொன்னால் பாதிதான் திறக்கிறது.

"உங்க மூணு விரலைச் சேர்த்து, நிமிர்த்தி உள்ளே விடுங்க." இரண்டுதான் போனது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவினால் நார் நாராக இறுகியிருக்கிறது. இரவு வண்டிக்குத் தூக்கம் வராமலிருக்க எட்டு வருஷமாகப் பாக்குப் பொட்டலம். காரம் பட்டால் எரிகிறதா? "அது ரெண்டு வருஷமா இருக்கு."

இது புற்றுநோயாக மாற வாய்ப்புள்ள நிலை என்று சொல்லிவிட்டேன். சதை எடுத்துப் பரிசோதிக்க தர்மபுரி அரசு மருத்துவமனைக்குக் கடிதம். கிளீனிங் செய்யவில்லை. வாசலில் அவர் எதுவும் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்து எங்கள் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். இன்னொன்று வண்டியில் இருக்கும். எனக்குத் தெரியும்.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

அமாவாசைக்குப் பல் எடுக்க எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள். கணக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் பென்னாகரம் பையன், கூடவே அக்கா, அக்கா மகன். பெண் வீட்டில் நம்பவில்லையாம், நான் ஒரு வார்த்தை போனில் சொல்ல வேண்டுமாம். சேலத்துக்காரர்கள். பெண்ணின் அப்பாவிடம் பேசினேன். ரத்தத்தில் வருவதில்லை, தண்ணீரில் வருவது என்றேன். "கொதிக்க வச்சுக் குடிச்சா சரியாப் போயிடுமாங்க?" என்றார். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு போகாது, இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. போட்டால் குறையும், இல்லையென்றால் காவிரித் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது, இந்தப் பையன் பல் முளைத்து வெகுகாலம் கழித்து.

"அப்போ சரிங்க" என்று வைத்தார். சரியா, வெறும் பேச்சுக்கா என்று குரலில் தெரியவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஏழு வயது. மேலே நடுப்பல் இரண்டும் பாதி இறங்கியிருக்கின்றன. அவர்கள் வீட்டுக்கு இப்போது குழாயில் காவிரி வருகிறது, வராத நாளில்தான் போர்.

"அந்தப் பல்லு நுனியைப் பாருங்க மேடம்" என்றார் அக்கா. "ரம்பம் மாதிரி இருக்கு. தேய்ச்சு விட்டுடறீங்களா?"

புதுப்பல் அப்படித்தான் முளைக்கும், மூன்று சின்ன மேடுகளோடு. கடித்துக் கடித்துத் தானே சமமாகும் என்றேன். அக்கா சமாதானமாகவில்லை. மாமா அதற்குள் செல்போன் டார்ச்சை அடித்து, பையனின் உதட்டை விரலால் தூக்கி, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்தான். வெள்ளையாக இருந்தன.

"வலிக்குது மாமா, விடு" என்றான் பையன்.