டிராகனிடம் கடன் வசூலித்த பெரிய பாட்டி

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். எங்கள் குழுவில் அந்த ஆட்டத்தை நடத்தும் நண்பருக்கு எல்ஃப், குள்ளர் என்ற வழக்கமான கற்பனை இனங்கள் எல்லாம் அலுத்துவிட்டன. சொந்தமாக ஓர் இனத்தையே உண்டாக்கிக்கொண்டு வந்தார். பெயர் பின்னிழலார். பன்னிரண்டு வயதானதும் அந்த இனத்தில் ஒவ்வொருவருக்கும், குலத்தில் செத்துப்போன யாரோ ஒருவரின் ஆவி வழிகாட்டியாக வந்து ஒட்டிக்கொள்ளும். யார் வருவார் என்பது பகடையின் கையில். ஆவி பேசுவது, உயிரோடிருப்பவர்களில் ஒட்டியிருப்பவருக்கு மட்டுமே கேட்கும். விதித்தாளில் இதற்கு மேல் 'வரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

இந்த விளையாட்டில் இறந்தவரோடு பேச ஏற்கெனவே ஒரு மந்திரம் உண்டு. விதிகளின் ஐந்தாம் பதிப்பின்படி பிணத்திடம் ஐந்து கேள்விதான் கேட்கலாம். உயிரோடு இருந்தபோது தெரிந்ததை மட்டும் அது சொல்லும். அதற்குப் பிறகு உலகத்தில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அதே பிணத்தை மறுபடி எழுப்ப பத்து நாள் பொறுக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் பெரியவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நம் நண்பரோ தெரிந்ததை மட்டும் சொல்லும் விதியை வைத்துக்கொண்டு, ஐந்து கேள்வி வரம்பைத் தூக்கிவிட்டார். போதாக்குறைக்கு, அவரவர் ஆவிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் குரல் கொடுக்க வேண்டுமாம்.

நான் வாள்வீரன். பகடையில் எனக்கு விழுந்தது, 200 ஆண்டுகளுக்கு முன் இறந்த பெரிய பாட்டி. குலத்தின் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குரல் கொடுத்த நண்பர் வழக்கமாக "அடிக்கிறேன்", "சரி" என்ற இரண்டு வசனங்களைத் தாண்டாத ஆள். அன்று மனிதர் மடை திறந்துவிட்டார்.

"இடப்பக்கம் போ, பாலம் இருக்கும்" என்றார் பாட்டி. போனேன். பாலம் இல்லை. அது இடிந்து ஒரு நூற்றாண்டு ஆகிறது என்று ஆட்டம் நடத்துபவர் நிதானமாகச் சொன்னார். பள்ளத்திலிருந்து நான் ஏறி வருவதற்குள், "எங்கள் காலத்தில் ஒழுங்காகக் கட்டினார்கள்" என்று மேலேயிருந்து பாட்டியின் குரல்.

கோட்டை வாசலில் வேறு கூத்து. வியாபாரி என்று சொல்லி உள்ளே நுழைவது திட்டம். காவலன் முன்னால் வாயைத் திறக்கிறேன். "நம் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை" என்று காதில் பாட்டி. கூட வந்த திருடனின் ஆவி ஓர் ஆட்டிடையர். அவர் உடனே, "யார், அந்த வேலியைப் பத்தடி தள்ளி நட்ட குடும்பமா?" என்றார். இருவரும் உயிரோடு இருந்தபோது எல்லைத் தகராறாம். ஆவிக்கு ஆவி பேச்சு கேட்கும். எங்களுக்கு அவரவர் ஆவி மட்டும். ஆகவே நானும் திருடனும் காவலன் எதிரில் நின்று "உன் தாத்தா என்ன சொல்கிறார்?", "உன் பாட்டியை அளந்து பேசச் சொல்" என்று தூது போய்க்கொண்டிருந்தோம். காவலன் பயந்து கதவைத் திறந்துவிட்டான். திட்டம் பலித்தது என்றுதான் கணக்கு.

இந்த வாய்களை அடைக்க வழி இருக்கிறதா என்று திருடன் கேட்டான். பழைய ரோமில் மே மாதம் 9, 11, 13 ஆகிய நாள்களின் நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு நடந்து, கறுப்பு அவரை விதைகளைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்து ஆவிகளை அனுப்பி வைப்பார் என்று நான் சொன்னேன். "என் மூட்டையில் அவரை இருக்கிறதா?" என்று ஆவலாகக் கேட்டான். இந்த உலகத்தில் அவரையே விளைவதில்லை என்று அந்த நிமிடமே ஒரு சட்டம் பிறந்தது.

கடைசி அறையில் டிராகன். இருபது முகப் பகடையைக் கையில் உருட்டியபடி நான் வாளை உருவினேன். "நில்" என்றார் பாட்டி. "இவனை எனக்குத் தெரியும். நாற்பது ஆடு வாங்கினான். திருப்பித் தரவில்லை. பேரேட்டில் நானே எழுதினேன்."

டிராகன்கள் நெடுங்காலம் வாழும். ஆகவே அதே டிராகன்தான். ஆட்டம் நடத்துபவர் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் இதற்கெல்லாம் பதில் இல்லை. பாட்டி சொல்லச் சொல்ல நான் டிராகனிடம் கடனைக் கேட்டேன். அது முதலில் உறுமியது, பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது, பிறகு "எத்தனை ஆடு?" என்று தணிந்த குரலில் கேட்டது. 200 ஆண்டு வட்டி. குட்டிகளைச் சேர்ப்பதா, வட்டிக்கு வட்டி உண்டா? ஒருவர் போனில் கணக்குப் போட, பகடைகள் மேசையில் சும்மா கிடந்தன. டிராகன் தன் புதையலில் பாதியைத் தருவதாக இறங்கி வந்துவிட்டது.

அப்போது திருடன் தொண்டையைச் செருமினான். "தாத்தா ஒரு விஷயம் சொல்லச் சொல்கிறார். அந்த ஆடுகள் வேலிக்கு எங்கள் பக்கம் மேய்ந்தவையாம்."

பாட்டி பேசியதை இங்கே எழுத முடியாது. இரு குடும்பமும் முதலில் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, டிராகன் புதையலோடு பறந்துவிட்டது.