சின்ன விமான நிலையத்தில் இறங்கி ஊபர் தேடுபவர்களுக்கு

இல்லினாயில் இருக்கும் எங்கள் புளூமிங்டனுக்கு வேலை கிடைத்து வரும் தமிழர்கள் முதலில் வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் பள்ளிக்கூடம். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்கள் குறைவு. "அதான் ஊபர் இருக்குமே" என்று விட்டுவிடுகிறார்கள். இருக்கிறதுதான், அதே மாதிரி ஆப்பில் கார் தரும் லிஃப்ட் கம்பெனியும் இருக்கிறது. ஆனால் சிகாகோ ஓஹேரில் அது ஓடும் விதம் வேறு, இங்கே சென்ட்ரல் இல்லினாய் ரீஜனல் விமான நிலையத்தில் ஓடும் விதம் வேறு. இது தெரியாமல் நடு இரவில் குழந்தையும் பெட்டிகளுமாக வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஓஹேர் மாதிரிப் பெரிய நிலையங்களில் டிரைவர்கள் காத்திருக்கத் தனி இடம் உண்டு. அங்கே போய் நின்றதும் ஆப் அவர்களை வரிசையில் சேர்த்துக்கொள்ளும், முன்னால் வந்தவருக்கு முன்னால் சவாரி. நாம் கார் கேட்கும்போதே கார் பக்கத்தில் நிற்கிறது. இங்கே அப்படி யாரும் நிற்பதில்லை. ஒரு நாளுக்கு வருவதே சில விமானங்கள், அவையும் பெரும்பாலும் ஐம்பது, எழுபது பேர் உட்காரும் சின்ன விமானங்கள். இறங்குகிறவர்களில் பலருடைய கார் வெளியே பார்க்கிங்கில் நிற்கும், மற்றவர்களை அழைத்துப்போக வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கும். இதை நம்பி எந்த டிரைவர் காத்திருப்பார்? அவர் ஒட்டியிருக்கும் நார்மல் என்ற ஊர்ப் பக்கம், பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருப்பார். நம்மை ஏற்ற வேண்டுமானால் ரூட் 9 வழியாக ஊரின் கிழக்குக் கோடிவரை காலியாக வரவேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் மாணவர் சவாரிகளை விட்டுவிட்டு வருவது அவருக்குக் கட்டுப்படி ஆகாது.

பணி ஓய்வுக்குப் பிறகு கார் ஓட்டும் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னை ஏற்றிவந்தார். கடைசி விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று சாயங்காலமே போனில் பார்த்துவிடுவாராம். "பதினொன்றரைக்கு மேல் தள்ளிப்போனால் ஆப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். விடிகாலை விமானத்துக்கு ஆள் ஏற்ற வேண்டுமே" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் ஊரில் இரவு ஓட்டும் சிலரில் இவரும் ஒருவர். இவர் படுத்துவிட்டால், ஓஹேரில் தாமதமாகி வந்து இறங்குகிறவர் கையில் இருக்கும் ஆப் தேடிக்கொண்டே இருக்கும். வாடகைக் கார் கவுண்டர்களும் அந்த நேரத்தில் மூடியிருக்கலாம்.

பெரிய நிலையத்தில் பெட்டி கைக்கு வந்த பிறகு கார் கேட்பது சரி. இங்கே சக்கரம் தரையைத் தொட்டதும் கேட்டுவிடுங்கள். கார் வர நேரமாகும், நீங்கள் கதவுக்கு வரச் சில நிமிடம் போதும். ஒரே விமானத்தில் வந்த நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டால் கட்டணமும் ஏறும், முந்திக்கொண்டவருக்குத்தான் கார். ஜனவரி குளிரில் வெளியே போய் நிற்காதீர்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று, பேக்கேஜ் வரும் இடத்துக்குப் பக்கத்துக் கதவில் நிற்கிறேன் என்று டிரைவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், உங்கள் பெயரை அவர் வாயால் சொல்லட்டும். 2019-இல் தென் கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி தான் அழைத்த ஊபர் என்று நினைத்து வேறொரு காரில் ஏறி, கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகு இங்கே எல்லோரும் இதை வலியுறுத்துகிறார்கள்.

ஊபரில் ரிசர்வ் என்ற வசதி உண்டு, விமான எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். நல்ல வசதிதான், ஆனால் பதிவு ஆனதாலேயே கார் வந்துவிடாது. அந்தச் சவாரியை ஒரு டிரைவர் ஏற்க வேண்டும், ஏற்றதும் அவர் பெயர் திரையில் வரும். சிகாகோவில் அடுத்த விமானம் ஏறும் நேரம்வரை பெயர் வரவில்லையா, இங்கே தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுவிடுங்கள். கூச்சமே வேண்டாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விமான எண்ணைப் போட்டால், ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் யாராவது ஒரு அண்ணனோ அக்காவோ "நான் போறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களையும் இப்படித்தான் ஒருவர் வந்து கூட்டிப்போயிருப்பார்.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். இல்லினாய் சட்டப்படி எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் காரில் குழந்தைகளுக்கான தனி சீட்டில்தான் உட்கார வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பின்பக்கம் பார்த்த சீட். சீட்டோடு வரும் ஊபர் சில பெரிய நகரங்களில்தான் உண்டு. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் டிரைவர் மறுத்துவிட்டுப் போகலாம், அது அவர் தப்பில்லை. இந்தியாவிலிருந்து சீட் வாங்கிவர வேண்டாம், இந்த நாட்டுத் தரச்சான்று அதில் இருக்காது. கூப்பிட வருகிறவரிடம் சொன்னால் இரவல் சீட் ஒன்றை மாட்டிக்கொண்டே வருவார்.

பணத்துக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வைத்திருந்த ஊபர் கணக்கு இங்கேயும் வேலை செய்யும், யுபிஐ செய்யாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாகக் கேட்டால்தான் திறக்கும். கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் அதைத் திறந்துவிடுங்கள். ஓடிபி வரும் நம்பருக்கு ரோமிங்கும் போட்டுவையுங்கள்.

அப்பா அம்மா தனியாக வருகிறார்கள், உங்களுக்கோ லீவு கிடைக்கவில்லை என்றால் உங்கள் போனிலிருந்தே அவர்களுக்காகக் கார் போடலாம். கார் நகர்வது உங்கள் திரையில் தெரியும். அவர்களிடம் இந்த ஊர் சிம் இருக்காது, நிலையத்தின் வைஃபையில்தான் பேச வேண்டும். அதனால் காரின் நிறத்தையும் பிளேட் எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவர்கள் ஏறி உட்காரும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

கடைசி விமானத்தில் டிக்கெட் போடுமுன் ரயிலையும் பாருங்கள். சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ஏறினால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் நார்மல். ஸ்டேஷன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே கார் கிடைப்பது எவ்வளவோ சுலபம்.