விதையிலிருந்து ஒரு பெர்சிமன்

செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் எங்கள் தெற்கு இண்டியானாவில் பெர்சிமன் பேச்சுதான். பக்கத்தில் மிட்செல் என்ற சின்ன ஊரில் 1947 முதல் இந்தப் பழத்துக்கென்றே திருவிழா நடக்கிறது. கடையில் ஃபூயு என்று விற்கும் பெரிய பழம் வேறு, அது ஆசியாவிலிருந்து வந்தது. நான் சொல்வது இங்கே காட்டோரங்களில் தானாக வளரும் அமெரிக்க பெர்சிமன். பழம் ஒன்றரை அங்குலம் இருந்தாலே பெரிது. பறித்துச் சாப்பிடக் கூடாது. கனிந்து குழைந்து தானாக உதிர்ந்ததை எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கடித்தால் வாயெல்லாம் துவர்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கனிந்ததோ தேன்.

நம்மூர்க் கருங்காலி, பனிச்சை, பீடி சுற்றும் இலை தரும் மரம் எல்லாமே டயோஸ்பைரோஸ் என்ற இதே பேரினம்தான். அது தெரிந்ததிலிருந்து இந்த மரத்தைச் சொந்தக்காரராகவே பார்க்கிறேன்.

பழத்துக்குள் தட்டையான பழுப்பு விதைகள் இருக்கும். விதையை விளிம்போடு இரண்டாகப் பிளந்து, உள்ளே கரண்டி தெரிந்தால் பனி அதிகம், கத்தி தெரிந்தால் குளிர் வெட்டும், முள்கரண்டி என்றால் குளிர்காலம் இதமாக இருக்கும் என்று இங்கே குறி பார்ப்பார்கள். அந்த வெள்ளைக் கரண்டிதான் முளைக்கரு. எப்போது பார்த்தாலும் எனக்கு ஆசையாக இருக்கும்: இவ்வளவு கெட்டியான விதைக்குள் இரண்டு இலைகள் ஏற்கெனவே மடங்கிக் காத்திருக்கின்றன.

விதையைக் காய விடாதீர்கள். சதையைக் கழுவித் தேய்த்து எடுத்து, ஈர மணலோடு ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். குளிர்காலம் கடந்துவிட்டது என்று அதற்குத் தோன்றினால்தான் முளைக்கும். அவ்வப்போது பையைத் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அப்புறம் முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும்.

முதலில் தண்டு வளைந்து மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பிறகு நிமிரும்போது சில கன்றுகளின் தலையில் விதைத்தோல் தொப்பியாக மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் குருத்தே கையோடு வந்துவிடும். ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் சுற்றி வைத்தால் தோல் ஊறி இளகிவிடும், நகத்தால் மெல்ல நகர்த்தினால் கழன்று வரும்.

தொட்டி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மேலே நாலு இலை விடும்போதே கீழே ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். கரிய நிறத்தில் இருக்கும், முதல் முறை பார்க்கிறவர்கள் அழுகிவிட்டது என்று நினைப்பார்கள். அழுகல் இல்லை, அதன் நிறமே அதுதான். ஆழமில்லாத அகலத் தொட்டியில் அந்த வேர் அடியை முட்டிச் சுருண்டுவிடும். ஒன்றேகால் அடியாவது ஆழமுள்ள, குறுகலான தொட்டிதான் சரி. முடிந்தால் மரம் நிற்கப்போகிற இடத்திலேயே விதையை ஊன்றிவிடுங்கள்.

ஒட்டுக்கன்று வாங்கினால் சீக்கிரமே பழம் கிடைக்குமே என்று கேட்பார்கள். கிடைக்கும்தான். விதைக்கன்று பூக்கவே ஆறேழு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். பெர்சிமனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எது என்று தெரியாது. ஆண் மரமாக இருந்தால் அதன் மேலேயே நல்ல பெண் ரகத்தை ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம், வேர் நம்முடையதாகவே இருக்கும். பிறந்த இடத்திலேயே வேரூன்றிய மரம் வறட்சியையும் உறைபனியையும் தாங்கி நிற்பதைப் பார்த்தபின் எனக்கு விதைதான் பிடிக்கிறது.

இந்த வருஷக் கன்றுகளுக்கு வேலியோரம் இடம் பார்த்துவிட்டேன். மரத்துக்கு மரம் இருபது அடி விட்டு நடப்போகிறேன். மான் வந்து குருத்தைக் கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஐந்தடி உயரக் கம்பிக் கூண்டு. கூண்டை முதலில் அடித்துவிட்டுத்தான் கன்றை இறக்குவேன்.