கைதட்டி எழுதுங்கள், ரீச்சர்

வருசக்கணக்காக வகுப்பில் நின்றவர்களுக்கு ஓய்வுபெற்ற பிறகும் பிள்ளைகளின் குரல் காதை விட்டுப் போகாது. சிறுவர் பாட்டும் கதையும் எழுத வருகிறவருக்கு அது பெரிய மூலதனம். ஆனால் அதே வகுப்பறையிலிருந்து இன்னொரு பழக்கமும் கூட வந்துவிடும்: கடைசியில் புத்தி சொல்வது. “ஆகவே பிள்ளைகளே” என்று தொடங்கும் பந்தியை வெட்டிவிட்டுக் கதையை வாசித்துப் பாருங்கள். கதை நின்றால் அந்தப் பந்தி தேவையில்லை. விழுந்தால், உள்ளே யாரும் தானாக எதையும் செய்யவில்லை என்று அர்த்தம். அங்கேதான் திருத்த வேண்டும்.

பாட்டைக் கண்ணால் எழுதக் கூடாது. கைதட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுத வேண்டும். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதை வைத்து நாலு வரி:

கோட்டை வாசல் மான்குட்டி
கொம்பே இல்லா மான்குட்டி
காதை ஆட்டி நிற்பாயே
கடலின் ஓசை கேட்டாயா?

வரிக்கு நாலு தட்டு: கோட்டை, வாசல், மான், குட்டி. இரண்டாம் வரியைக் “கொம்பு முளைக்காத மான்குட்டி” என்று எழுதினால் கருத்து இன்னும் அழகுதான், ஆனால் ஐந்தாவது தட்டு வந்துவிடும். முன்பள்ளிப் பிள்ளை அந்த இடத்தில் தடுக்கி, அடுத்த வரியை விட்டுவிடும். முதல் இரண்டு வரியில் கோ, கொ. அடுத்த இரண்டில் கா, க. வரித் தொடக்கத்தில் ஒத்துவரும் இந்த மோனை இருந்தால் ஒரு வரியின் வாலைப் பிடித்து அடுத்த வரி தானாக வரும். இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகைக்காக வழக்கில் இல்லாத சொல்லை இழுத்து வராதீர்கள். மோனை போதும்.

கதைக்கு ஊரில் பஞ்சமே இல்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. எந்தக் கிணற்றுத் தண்ணீர் தனக்குப் பிடிக்கும் என்று ஒரு பிள்ளை வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தாலே கதை நகர்ந்துவிடும். இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்திய ஐதிகம் தரம் 5க்கு நல்லது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாவீட்டுச் சடங்கை விளக்கவே பாதிப் பக்கம் போய்விடும். கதையில் வரும் பிள்ளை பாணும் சம்பலும் சாப்பிடட்டும், கரைவலை இழுக்கிறதைப் பார்க்கட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பிள்ளைகளும் இதே புத்தகத்தைத்தான் வாசிப்பார்கள்; ஒரு கதையில் அம்மா கூப்பிட்டால், இன்னொன்றில் உம்மா கூப்பிடட்டும்.

எழுதி முடிந்ததும் நாலு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வையுங்கள். 16 பக்க மாதிரிப் புத்தகம் கையில். பக்கம் 1 தலைப்பு, 2 பதிப்பு விபரம், கதைக்கு 3 முதல் 15 வரை. தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு வசனம், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சொல். இருநூறு சொல்லுக்குள் கதை முடிய வேண்டும். “வாளிக்குள் என்ன?” என்ற கேள்வி வலப்பக்கத்தில் நிற்க வேண்டும், பதில் தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். இடப்பக்கத்தில் கேட்டால் எதிரேயுள்ள படமே பதிலைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய படம் ஒன்றிருந்தால் 8, 9ஆம் பக்கங்களில் போடுங்கள். நடுத்தாள் ஒரே தாள் என்பதால் படம் முறியாது. சித்திரம் கீறுகிறவருக்கு எழுத்துக்கு விட வேண்டிய இடத்தை முதலே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மானின் முதுகில்தான் எழுத்து ஏறும்.

அச்சகத்தில்தான் அதிகம் பிழை வரும். யூனிகோட்டில் தட்டியதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி தவறும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாவிட்டால் “கொம்பே” என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திரையில் சரியாக இருந்தது என்று விடாதீர்கள். கடைசிக் கோப்பைத் தாளில் எடுத்து, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் சொற்களை மட்டும் ஒருமுறை தனியாகப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் (பொயின்ற்) குறையக் கூடாது. வலது ஓரத்தை நேராக்கச் சொல்லாதீர்கள், சொற்களுக்கிடையே ஓட்டை விழும். கைபேசியில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், ஆகவே ஒரு பக்கத்தையாவது முதலில் நிறத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு அச்சுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். இலக்கம் பின்னட்டையிலும் 2ஆம் பக்கத்திலும் ஏற வேண்டும்; பிறகு ஒட்டுத்தாள் ஒட்டினால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் உரிப்பார்கள். இலக்கம் வரும்வரை மாதிரிப் புத்தகத்தைத் தரம் 3 பிள்ளை ஒன்றிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம், உதவ வேண்டாம். பிள்ளை தடுக்கி நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.