கலர் ஷீட் ஷெட்டில் பைப்பும் பாக்ஸும் தெரியாமல் லைட் வயரிங்: சி-பர்லின் வாய்க்குள் ஒளித்தாச்சு

மொட்டைமாடி ஷெட்டில் லைட் லைன் முடிந்தது. பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில் பேட்டன் லைட் (நீளக் குச்சி லைட்) ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று தேடினால்தான் தெரியும். ரொம்பத் திருப்தியாக வந்திருக்கிறது, அதனால் அளவோடு எழுதி வைக்கிறேன்.

பர்லின் 100×50×15 சி-செக்‌ஷன், அதாவது ‘C’ வடிவம்: உயரம் 100, அகலம் 50, வாய் ஓரத்தில் மடிந்த உதடு 15 மி.மீ.; மூடிய பக்கம்தான் முதுகு. 2 மி.மீ. கனம், நாலடிக்கு ஒன்று. மேலே 0.5 மி.மீ. கலர் ஷீட், அதன் மடிப்பு மேட்டின் உயரம் 28 மி.மீ. பர்லினின் வாய் சரிவின் உயரப் பக்கம் பார்த்திருக்கிறது.

வேலூர் பக்கம் பெரும்பாலான ஷெட்டில் வயர் போகும் பைப்பை ஷீட்டோடு ஒட்டி மேலே ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்கு மறைகிறது, உண்மை. ஆனால் ஷீட்டை முடுக்கும் ஸெல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவின் முனை இறங்குவதும் அங்கேதான். 55 மி.மீ. ஸ்க்ரூவில் மேட்டுக்கு 28, வாஷருக்கு 3 கழித்தால் ஷீட்டின் அடிமட்டத்துக்குக் கீழே 24 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். நாளைக்குக் காற்றில் ஷீட் தளர்ந்து, வருகிறவர் பையில் இருக்கும் 75 மி.மீ. ஸ்க்ரூவை அடித்தால் 44 மி.மீ. மேலே நின்று அடிப்பவருக்குக் கீழே பைப் இருப்பது தெரியவே தெரியாது. அமெரிக்காவின் மின் வயரிங் விதிகளான என்.இ.சி.யில் 300.4(இ) பிரிவு இதற்காகவே இருக்கிறது: உலோகக் கூரை ஷீட்டின் அடிமட்டத்திலிருந்து பைப்புக்கும் பாக்ஸுக்கும் 38 மி.மீ. இடைவெளி வேண்டும். கனமான இரும்புக் கான்டியூட்டுக்கு (வயரிங் பைப்) மட்டும் விலக்கு. நாம் போடுவது பிவிசி, நமக்கு விலக்கு கிடையாது. 38-ஐக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொண்டு அதற்கும் கீழே போனேன்.

20 மி.மீ. பைப்பின் மையம் பர்லின் அடியிலிருந்து 27 மி.மீ. அப்படி வைத்தால் பைப்பின் மேல்முதுகுக்கும் ஷீட்டுக்கும் 63 மி.மீ. கிடைக்கிறது. 75 மி.மீ. ஸ்க்ரூ வந்தாலும் தொடாது.

வயர்கள் இணையும் பாக்ஸ்தான் இந்த வேலையில் சிக்கலான இடம். எல்லோரும் வாங்கும் வட்ட ஜங்ஷன் பாக்ஸ் 65 மி.மீ. விட்டம். பர்லின் வாய்க்குள் அழகாக உட்காரும், ஆனால் ஷீட்டுக்கும் அதற்கும் 33 மி.மீ.தான் மிச்சம். ஆகவே 100×50, ஆழம் 40 உள்ள செவ்வகப் பாக்ஸைப் படுக்கவைத்தேன். இடைவெளி 48 மி.மீ. ஆனது. மூடி ஸ்க்ரூ இரண்டும் பாக்ஸின் நடு உயரத்தில் இருப்பதால் 15 மி.மீ. உதட்டுக்கு மேலே டிரைவர் நேராகப் போகிறது. மூடியைக் கொஞ்சம் தூக்கி வாய் வழியாக எடுத்துவிடலாம். எவ்வளவு ஒளித்தாலும் மூடி கழற்ற வழி இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. பாக்ஸின் துளை மையம் பர்லின் முதுகிலிருந்து 20 மி.மீ., பைப்பின் மையம் 13 மி.மீ. அந்த 7 மி.மீ. வித்தியாசத்துக்காகப் பெண்ட் போட வேண்டாம். கடைசி சேடிலை (பைப்பைப் பிடிக்கும் கிளிப்) பாக்ஸிலிருந்து 300 மி.மீ. தள்ளி அடித்தால் பைப் தானே வளைந்துகொடுக்கும்.

சேடிலுக்கு ஸ்க்ரூ வேண்டாம், முனை மறுபக்கம் முள்ளாக நீட்டும். 4 மி.மீ. பாப் ரிவெட்டை வெளிப்பக்கத்திலிருந்து விட்டு, உள்ளே வாஷர் வைத்து இழுத்தால் வெளியே சின்னக் குமிழ் மட்டும் தெரியும். சேடில் 600 மி.மீ.க்கு ஒன்று. அடிப்பட்டையுள்ள ஜி.ஐ. சேடில் என்று கேட்டு வாங்க வேண்டும். லாங் பஜார் பக்கம் சும்மா சேடில் என்றால் பட்டையில்லாததைத்தான் எடுத்துப் போடுவார்கள். பைப்பிலும் மேலே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். லைட் டியூட்டி (மெல்லிய சுவர்) பைப் இந்த இடத்துக்கு ஆகாது.

காரணம் வெயில். பிவிசி கான்டியூட்டைச் சுற்றுச்சூடு 60 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் போடக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே தகரத்தை ஒட்டிய இடம் அதைத் தொட்டுவிடும். கீழே இறக்கியதில் அந்தப் பிரச்சினையும் குறைந்தது. 3 மீட்டர் லென்த் ஒன்று 30 டிகிரி ஏற்றத்தில் சுமார் 6 மி.மீ. நீளும். கப்ளரில் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) ஒரு பக்கம் மட்டும் ஒட்டும் சொல்யூஷன் தடவி, மறுபக்கம் 8 மி.மீ. சந்து விட்டுச் செருகியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒட்டினால் மதியம் பைப் வில்லாக வளைந்து உதட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். பாக்ஸுக்குள் ஜாயின்டுக்கு கனெக்டர்தான். வெறும் டேப் சுற்றினால் சூட்டில் பசை இளகி வழியும்.

பேட்டனை மாட்டும் கிளிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 19 மி.மீ. ஸ்க்ரூவைப் பர்லின் அடியில் நடுவே அடித்தால் முனை பைப்பின் ஓரத்தை ஒட்டி ஏறும், கொஞ்சம் சாய்ந்தால் வயிற்றில் குத்தும். 13 மி.மீ. போதும், அதையும் முதுகிலிருந்து 37 மி.மீ. தள்ளி, வாய்ப் பக்கமாக அடிக்க வேண்டும். லைட் 12 மி.மீ. ஓரம் போவது யார் கண்ணுக்கும் தெரியாது. வயர் இறங்கும் 12 மி.மீ. ஓட்டையில் ரப்பர் கிரம்மெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் வயரை விடவே கூடாது, 2 மி.மீ. தகடு கத்தி.

வயர் மூன்றும் 1.5 சதுர மி.மீ.; பச்சையையும் கடைசி பாக்ஸ் வரை கொண்டுபோயாச்சு. ஃப்ரேமுக்குத் தனி எர்த், போல்ட் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இறுக்கினேன். லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). எர்த் இல்லாத ஃப்ரேமில் ஒரு ஸ்க்ரூ வயரைக் கிழித்தால் மொத்தக் கூரையும் ஷாக் அடிக்கும்.

எட்ட நின்று உயரப் பக்கத்திலிருந்து பார்த்தால் பைப்பின் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறது. 220 எமரி தேய்த்து, பிரைமர் விட்டு, ஃப்ரேம் கலரே அடிக்க வேண்டும், அது பாக்கி. அதற்குள் ஃபேன் வேலை மனதில் ஓடுகிறது. கொக்கியை 2 மி.மீ. பர்லினில் தொங்கவிட மாட்டேன், ராஃப்டரில் (பர்லினைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) வெல்டு வைத்துத்தான். அதன் பாக்ஸை ராஃப்டர் பக்கவாட்டில், பர்லினுக்குக் கீழே வைத்தால் 38 தானாகவே கிடைத்துவிடும். மறைப்பதற்கு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் 1.6 மி.மீ. தகட்டில் மூடி மடித்து வாங்க வேண்டும்.